முதல் இசைத்தட்டும் அதற்குக் கிடைத்த தீர்ப்புகளும்

1

தன் முதற் படைப்பை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது எந்தக் கலைஞருக்கும் இலகுவான காரியமல்ல. கவிதைத் தொகுதியாயினும் சரி, ஓவியமாயினும் சரி, இசைத்தட்டாயினும் சரி, அந்தக் கணத்தின் தவிப்பு ஒன்றுதான். கேட்பவர் புன்னகைக்கிறார். அது மகிழ்ச்சியின் புன்னகையா, கேலியின் புன்னகையா, சங்கடத்தை மறைக்கும் புன்னகையா என்பது கொடுத்தவருக்கு விளங்குவதில்லை. "நல்லா இருக்கு" என்ற இரண்டு சொற்களோடு விடயம் முடிந்துபோவதும் உண்டு.

கலை விமர்சனம் பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் விமர்சகரின் பக்கத்தில் நின்றே நடைபெறுகின்றன. அவரது அளவுகோல் எது, அவரது நேர்மை எத்தகையது என்றெல்லாம் பேசுகிறோம். விமர்சனத்தைப் பெற்றுக்கொள்ளும் மனிதருக்கு அதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வி அபூர்வமாகவே எழுகிறது. அந்தக் கேள்வியை முன்வைப்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் ரொக் இசை வரலாற்றிலுள்ள ஒரு சிறு சம்பவம் பொருத்தமானது. மூன்று சகோதரிகள் சொந்தச் செலவில் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அதற்கு முதலில் கிடைத்தது பெருஞ்சிரிப்பு. பதினொரு வருடங்களின் பின் கிடைத்ததோ பெரும்புகழ். இவ்விரண்டில் எதுவுமே அச்சகோதரிகளுக்கு உண்மையில் தேவைப்பட்டது அல்ல என்பதே இக்கட்டுரையின் பேசுபொருள்.

2

நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஃப்ரீமொன்ட், 1960களில் ஆயிரம் பேர் கூட வசித்திராத ஒரு சிற்றூர். அங்கு ஒஸ்டின் விகின் என்றோர் ஆலைத் தொழிலாளி வாழ்ந்தார். வசதி குறைந்த, பிள்ளைகள் நிறைந்த குடும்பம் அவருடையது. அவரது தாயார் கைரேகை பார்ப்பவர். மகனின் கையைப் பார்த்து அவர் மூன்று விடயங்களைச் சொல்லியிருந்தாராம். செம்பொன் நிறக் கூந்தலுடைய ஒரு பெண்ணை அவன் மணப்பான். தான் இறந்த பின்னர் அவனுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறப்பார்கள். அவனுடைய பெண்பிள்ளைகள் புகழ்பெற்ற இசைக்குழுவொன்றை அமைப்பார்கள். முதலிரண்டும் அவ்வாறே நடந்துவிட்டன. மூன்றாவதும் நடந்தே தீரும் என ஒஸ்டின் உறுதியாக நம்பினார்.

நம்பியதோடு அவர் நின்றுவிடவில்லை. மகள்மாரான ஹெலன், டொரதி, பெற்றி ஆகிய மூவருக்கும் இசைக்கருவிகள் வாங்கிக் கொடுத்தார். பயிற்சிக்கும் பணம் கட்டினார். டொட் என்று அழைக்கப்பட்ட டொரதி கிற்றார் வாசித்துப் பாடினார். பாடல்களையும் அவரே இயற்றினார். பெற்றி இரண்டாவது கிற்றார். ஹெலன் முரசு. அக்காலத்தில் பிரபலமாயிருந்த ஒரு கூந்தல் அலங்காரத்தையும் சடைநாய்களையும் மனதிற்கொண்டு தந்தையே குழுவுக்கு 'ஷாக்ஸ்' என்று பெயர் சூட்டினார்.

பிறகு அவர் செய்த காரியம் ஆசிரியத் தொழிலில் உள்ள எவரையும் உறுத்தும். பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து விலக்கித் தபால்மூலக் கல்வியில் சேர்த்தார். காலையில் இசைப் பயிற்சி, பின்னர் பாடம், பிற்பகலில் மீண்டும் இசை, மாலையில் தந்தை வேலை முடிந்து வந்ததும் அவர் முன்னிலையில் வாசிப்பு, அதற்குமேல் தேகப்பயிற்சி என்று நாள் வகுக்கப்பட்டது. நண்பர்கள் இல்லை, வெளியே போய்வரவும் அனுமதி குறைவு. பிற குழுக்களின் மேடை நிகழ்ச்சிகளைப் பார்க்கவும் வாய்ப்பில்லை. வகுப்பறையொன்றில் ஒரு பிள்ளை தன் வேலையை இன்னொரு பிள்ளையின் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தே பாதியைக் கற்றுக்கொள்கிறது. அந்த வாய்ப்பு இவர்களுக்கு இல்லாமற் போயிற்று. அவர்களுக்கிருந்த ஒரே கேட்போர் தந்தை. அவரோ தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்.

1968இல் அயலூரான எக்சிட்டரில் நடந்த திறமைப் போட்டி ஒன்றில் அவர்கள் முதன்முறையாக மேடையேறினார்கள். கூட்டம் கூச்சலிட்டது. குளிர்பானத் தகரங்கள் மேடையை நோக்கி வந்தன. சகோதரிகள் கூனிக்குறுகிப் போனார்கள். இன்னும் கூடுதலாகப் பயிற்சி செய்யவேண்டும் என்பதே தந்தையின் முடிவாயிருந்தது. எதைத் திருத்துவதற்காகப் பயிற்சி செய்வது என்பதை அங்கு எவரும் சொல்லவில்லை.

3

இவ்விடத்தில் அக்காலத்து இசைத்தட்டு வெளியீடு பற்றிச் சிறிது கூறவேண்டும். 1964 பெப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய பின்னர், அந்நாட்டின் சிற்றூர்களில்கூட இளைஞர்கள் கிற்றாரும் முரசுமாகக் குழுக்கள் அமைக்கத் தொடங்கினர். பெரிய இசைத்தட்டுக் கம்பனிகளின் கதவுகள் எல்லோருக்கும் திறக்கவில்லை. ஆயினும் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒலிப்பதிவுக் கூடங்கள் நகரங்கள்தோறும் இருந்தன. பணம் கொடுத்தால் சில நூறு தட்டுகளையோ ஆயிரம் தட்டுகளையோ அச்சடித்துத் தருவதற்கும் ஆட்கள் இருந்தனர். எழுத்தாளர் அச்சகத்துக்குப் பணம் கட்டித் தன் நூலைத் தானே வெளியிடுவதைப் போன்றதுதான் இதுவும்.

இதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. ஓர் இழப்பும் இருக்கிறது. கம்பனி வெளியிடும் தட்டை முன்கூட்டியே கேட்டு, இந்தப் பாடல் வேண்டாம், இந்த இடத்தில் முரசு தவறுகிறது என்று சொல்ல ஒரு தயாரிப்பாளர் இருப்பார். சொந்த வெளியீட்டில் அப்படியொருவர் இல்லை. தடுப்பவர் இல்லாதது போலவே திருத்துபவரும் இல்லை.

1969 மார்ச் 9ஆம் திகதி ஒஸ்டின் தன் மகள்மாரை மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ரெவியர் நகரிலிருந்த ஃப்ளீட்வூட் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு பாடல்கள் அங்கு பதிவாகின. அந்தத் தட்டைக் கேட்பவர் முதலில் உணர்வது ஒருவித தடுமாற்றத்தை. கிற்றார்கள் சுருதி சேர்ந்து ஒலிப்பதில்லை. பாட்டு ஒரு காலப்பிரமாணத்தில் நடக்க, முரசு தன்பாட்டில் வேறொன்றில் போய்க்கொண்டிருக்கிறது. பாடும் மெட்டையே கிற்றாரும் சொல்லுக்குச் சொல் பின்தொடர்கிறது. வசனம் நீண்டால் இசையும் நீள்கிறது; வசனம் குறுகினால் இசையும் குறுகிவிடுகிறது. பாடல்களின் பொருளோ குழந்தைகளின் கட்டுரைக் கொப்பி போலத் தெளிவானது. காணாமற்போன செல்லப்பிராணி ஒன்றைத் தேடுகிறது ஒரு பாடல். பெற்றோர் என்போர் யார் என்று கேட்டு, எப்போதும் நம்மோடிருப்பவர்கள் அவர்களே என்று பதில் கூறுகிறது மற்றொன்று. தட்டுக்குப் பெயர் தந்த 'உலகத்தின் தத்துவம்' என்ற பாடலின் கருத்து, ஒவ்வொருவரும் தம்மிடமில்லாத மற்றவர் நிலைக்கே ஏங்குகின்றனர், ஆகவே இவ்வுலகில் எல்லோரையும் திருப்திப்படுத்துதல் இயலாது என்பதாகும். தமது தட்டுக்கு நேரப்போவதை முன்னறிந்தே டொட் இதை எழுதினாரோ என்று பின்னாளில் நினைக்கத் தோன்றும்.

அன்றைய ஒலிப்பதிவு பற்றி இரண்டு செய்திகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. இப்பிள்ளைகள் இன்னும் தயாராகவில்லை, ஒலிப்பதிவைப் பின்போடலாம் என்று கூடத்தைச் சேர்ந்த ஒருவர் தந்தையிடம் கூறினார் என்பது ஒன்று. சூடு ஆறுமுன் அவர்களைப் பதிவுசெய்துவிட வேண்டும் என்று தந்தை மறுத்துவிட்டாராம். மற்றது, பாடிக்கொண்டிருக்கும்போதே சகோதரிகள் திடீரென நிறுத்தி, ஒருவர் பிழைவிட்டுவிட்டார் என்று கூறி மீண்டும் தொடங்கினார்கள் என்பது. கண்ணாடிக்கு அப்பால் இருந்த தொழில்நுட்பவியலாளர்களுக்கு எல்லாமே பிழையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இதில் எது பிழை, எது சரி என்று இவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் எனத் திகைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்களாம்.

இந்த இரண்டாவது செய்தி வேடிக்கைக் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. எனினும் இந்த வரலாற்றின் முக்கியமான இடம் இதுவென்றே எனக்குப் படுகிறது. சகோதரிகளின் மனதில் அப்பாட்டுக்கு ஒரு சரியான வடிவம் இருந்தது. அதிலிருந்து விலகியபோது அவர்களால் அதை உணர முடிந்தது. ஆகவே அவர்கள் கண்டபடி வாசித்தவர்கள் அல்லர். அந்தக் கணத்தில் ஒருவர் கதவைத் திறந்து வந்து, "எந்த இடத்தில் பிழை வந்தது? எப்படி வந்திருக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தால், அவர்களுக்குக் கிடைத்த முதலாவது உண்மையான விமர்சனமாக அது இருந்திருக்கும். கதவு சாத்தியே இருந்தது.

4

ஆயிரம் தட்டுகளுக்கு ஒஸ்டின் பணம் கட்டினார். ஏறத்தாழ நூறு மட்டுமே அவர் கைக்கு வந்தன. எஞ்சிய தொள்ளாயிரமும், அச்சிடும் பொறுப்பை ஏற்றவரோடு மறைந்துபோயின என்று பிற்காலத்தில் கூறப்பட்டது. உறையின் பின்புறத்தில் ஒரு குறிப்பு அச்சாகியிருந்தது. தந்தை எழுதியதாகக் கருதப்படும் அக்குறிப்பு, இவர்கள் அசலானவர்கள், தூய்மையானவர்கள், வெளிச் செல்வாக்கு எதனாலும் பாதிக்கப்படாதவர்கள் என்று சான்று பகர்ந்தது. படைப்பாளியின் வீட்டிலேயே எழுதப்பட்ட அணிந்துரை என்று இதனைச் சொல்லலாம். பிள்ளைகளை வெளியுலகத்திலிருந்து அடைத்து வைத்தவரே அந்த அடைப்பைக் கலைச் சிறப்பாகவும் அறிவித்தார். விசித்திரம் என்னவென்றால், பிற்கால விமர்சகர்கள் பலரும் ஏறக்குறைய இதையே தம் சொந்தக் கண்டுபிடிப்பாக எழுதினார்கள்.

வானொலி நிலையங்களில் இருந்து உடனடியாக அழைப்பு எதுவும் வரவில்லை. ஊர் மட்டுமே எஞ்சியிருந்தது. ஃப்ரீமொன்ட் நகர மண்டபத்தில் சனிக்கிழமை இரவுகளில் இளைஞர்களுக்கான நடன நிகழ்ச்சிகளை ஒஸ்டின் ஒழுங்குசெய்தார். 1973 வரை சகோதரிகள் அங்கு வாசித்தனர். வயோதிபர் இல்லமொன்றிலும் அவர்கள் வாசித்ததுண்டு. மண்டபத்துக்கு இளைஞர்கள் வந்தார்கள்; வேறு போக்கிடம் இல்லாத ஊர் அது. வந்தவர்களில் பலர் கேலி செய்தார்கள், பொருட்களை வீசினார்கள். ஆயினும் அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள்.

ஊரின் இந்தத் தீர்ப்பை வெறும் கொடுமை என்று ஒதுக்கிவிட முடியாது. அவ்விளைஞர்களின் காதுகள் பொய் சொல்லவில்லை. தாளம் சேரவில்லை என்பது உண்மைதான். ஆனால் சிரிப்புக்கு விளக்கம் கிடையாது. ஒரு மாணவனின் கணக்குக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்துவிட்டு, எந்த வரியில் தவறு என்று காட்டாமல் கொப்பியைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒப்பானது அது. மாணவன் தான் தோற்றதை அறிவான், வேறொன்றும் அறியமாட்டான். ஐந்து வருடங்களாகச் சனிக்கிழமை தோறும் சகோதரிகளுக்குக் கிடைத்தது அந்தக் கோடுதான்.

1975இல் ஒஸ்டின் காலமானார். குழுவும் அத்தோடு கலைந்தது. தந்தைக்காகத் தொடங்கிய ஒன்றைத் தொடர்வதற்கு மகள்மாருக்குக் காரணம் இருக்கவில்லை. அவர்கள் குடும்பம், வேலை எனச் சாதாரண வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். கதை இவ்வளவோடு முடிந்திருந்தால் எவருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

5

எஞ்சிய நூறு தட்டுகள் கைமாறிக்கொண்டிருந்தன. பொஸ்டன் வானொலியில் சில தடவைகள் ஒலித்தன. ஃபிராங்க் ஸாப்பா என்ற புகழ்பெற்ற இசைக்கலைஞர் அப்பாடல்களைச் சிலாகித்துப் பேசினார். 'என்.ஆர்.பி.கியூ' என்னும் இசைக்குழுவைச் சேர்ந்த டெரி அடம்ஸ், டொம் ஆர்டொலினோ ஆகிய இருவரும் அத்தட்டில் மனதைப் பறிகொடுத்தனர். அவர்கள் சகோதரிகளைத் தேடித் தொடர்புகொண்டு, 1980இல் அதனை மறுபதிப்புச் செய்தனர்.

இந்தப் பதினொரு வருடங்களுக்குள் இசையுலகின் செவி மாறியிருந்தது. 1970களின் பிற்பகுதியில் தோன்றிய பங்க் இயக்கம், மெருகூட்டப்பட்ட பெருங்கம்பனி இசையை வெறுத்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து பஸ்கொக்ஸ் குழுவினர் 1977 ஜனவரியில் 500 பவுண் கடன் வாங்கித் தமது முதல் சிறு இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். முதலில் அவர்கள் அச்சிட்டதும் ஆயிரம் பிரதிகள்தான். அவை விரைவில் விற்றுத் தீர்ந்து மேலும் பல ஆயிரங்கள் அச்சிடப்பட்டன. மூன்று சுரக்கட்டுகளை அறிந்தவர் மேடையேறலாம் என்பது அக்காலத்து மனோபாவம். கரடுமுரடாயிருப்பது நேர்மையின் அடையாளமாகக் கருதப்பட்டது. அந்தச் செவிகளுக்கு ஷாக்ஸின் தட்டு ஒரு புதையலாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

'ரொலிங் ஸ்டோன்' சஞ்சிகை அதனை அவ்வருடத்தின் சிறந்த மீள்வருகை எனப் பாராட்டியது. 1981இல் 'விலேஜ் வொய்ஸ்' பத்திரிகையில் எழுதிய பிரபல விமர்சகர் லெஸ்டர் பாங்ஸ், தன் கட்டுரையின் தலைப்பிலேயே இவர்களை பீட்டில்ஸை விடவும் மேலானவர்கள் என்று அறிவித்தார். இக்கூற்றை ஸாப்பா சொன்னதாகவே பலரும் இன்றுவரை எழுதிவருகின்றனர். நிர்வாணா குழுவின் கேர்ட் கொபேன் தனக்குப் பிடித்த ஐம்பது இசைத்தொகுப்புகளைப் பட்டியலிட்டபோது ஐந்தாம் இடத்தை இதற்குக் கொடுத்தார். 1999இல் 'நியூயோர்க்கர்' சஞ்சிகையில் சூசன் ஓர்லீன் எழுதிய விரிவான கட்டுரை அச்சகோதரிகளின் வாழ்க்கையை உலகறியச் செய்தது. அவர்களது பாடல்களைப் பிற கலைஞர்கள் பாடிய தொகுப்பொன்று 2001இல் வந்தது. 2011இல் நியூயோர்க்கில் அவர்களைப் பற்றிய இசை நாடகமொன்றும் மேடையேறியது.

பாராட்டியவர்கள் எல்லோரும் கேலியாகப் பாராட்டினார்கள் என்று சொல்வது அநியாயம். டெரி அடம்ஸ் போன்றோர் அந்த இசையில் வேறெங்கும் கேட்டிராத ஏதோவொன்றை உண்மையாகவே கேட்டார்கள். பழக்கப்பட்ட எந்த வாய்பாட்டையும் பின்பற்றாத மெட்டுகள், ஒளிவுமறைவற்ற சொற்கள், மூவரும் ஒருவரையொருவர் விட்டுவிடாமல் பற்றிக்கொண்டு செல்லும் பிடிவாதம் ஆகியன அதில் உண்டு. ஆனால் பாராட்டுரைகளைத் தொகுத்துப் படிக்கும்போது வேறொன்றும் புலப்படுகிறது. அவை பெரும்பாலும் கேட்டவரைப் பற்றியே பேசுகின்றன. கைதேர்ந்த இசையில் சலித்துப்போன செவிக்கு இது எவ்வளவு ஆறுதல், நாகரிகம் தொட்டுக் கெடுக்காத ஒன்றைக் கண்டெடுத்த என் இரசனை எவ்வளவு நுட்பமானது என்பதே பல வரிகளின் உட்பொருள். ஊர் இளைஞர்கள் சிரித்தார்கள், பெருநகர விமர்சகர்கள் வியந்தார்கள். இன்ன இடத்தில் பிழை வந்தது என்று சகோதரிகள் சொன்னார்களே, அது எந்த இடம் என்று இவர்களும் கேட்கவில்லை.

6

பீட்டில்ஸோடு ஒப்பிட்டுவிட்டார்கள் என்பதால் அவர்களின் தொடக்கத்தையும் பார்த்துவிடலாம். 1962 ஜனவரி முதலாம் திகதி பீட்டில்ஸ் குழுவினர் டெக்கா கம்பனிக்காக இலண்டனில் பரீட்சார்த்தமாகப் பாடினார்கள். கம்பனி அவர்களை நிராகரித்தது. வரலாற்றில் மிகப் பிரபலமான தவறான தீர்ப்புகளுள் அதுவும் ஒன்று. அதே வருடம் ஜூன் மாதத்தில் ஈ.எம்.ஐ. கம்பனியின் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினிடம் அவர்கள் வந்தனர். மார்ட்டினுக்கும் அவர்களது பாடல்கள் பெரிதாகப் பிடித்துவிடவில்லை. முரசு வாசித்தவர் ஒலிப்பதிவுக்குப் போதாது என்று கருதினார். குறைகளையெல்லாம் எடுத்துச் சொன்ன பின்னர், உங்களுக்கு இங்கே ஏதேனும் பிடிக்கவில்லையா என்று அவர்களிடமும் கேட்டார். குழுவின் இளையவரான ஜோர்ஜ் ஹரிசன், முதலில் உங்கள் கழுத்துப்பட்டி பிடிக்கவில்லை என்று பதிலளித்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

செப்டெம்பரில் அவர்கள் 'பிளீஸ் பிளீஸ் மீ' என்ற பாடலைக் கொண்டுவந்தபோது அது மெதுவான, சோகமான பாட்டாயிருந்தது. வேகத்தைக் கூட்டிப் பாருங்கள் என்றார் மார்ட்டின். அவர்கள் போய் உழைத்துவிட்டு நவம்பர் 26ஆம் திகதி திரும்பி வந்து வேகமாகப் பாடினார்கள். 1963 ஜனவரியில் வெளிவந்த அத்தட்டுத்தான் அவர்களை இங்கிலாந்து முழுவதும் அறியச் செய்தது.

மார்ட்டின் சொன்னது ஒரேயொரு திருத்தம். அது இன்ன பாடலில் இன்ன அம்சம் என்று குறிப்பானதாக இருந்தது. மறுநாளே செய்து பார்க்கக் கூடியதாகவும் இருந்தது. தட்டு கடைக்குப் போகுமுன் சொல்லப்பட்டது. யாவற்றுக்கும் மேலாக, சொன்னவர் அதன் பலனைக் காணும்வரை கூடவே இருந்தார். ஷாக்ஸ் பீட்டில்ஸை விட மேலானவர்களா என்ற விவாதம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. பீட்டில்ஸுக்கு ஒரு மார்ட்டின் கிடைத்தார், இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்ற வேறுபாடு முக்கியமானது. ரெவியர் நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில், இவர்கள் இன்னும் தயாராகவில்லை என்று சொன்னாரே, அவர் மட்டும் ஒருகணம் அந்த இடத்துக்கு அண்மையில் வந்தார். ஆனால் அவரும் அதைத் தந்தையிடம்தான் சொன்னார். பாடியவர்களிடம் சொல்லவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மார்ட்டினைப் போன்ற ஒருவர் கிடைத்திருந்தால் சுருதி சேர்ந்திருக்கும், தாளம் ஒழுங்காயிருக்கும், ஆயிரத்தில் ஒன்றாக அந்தத் தட்டும் மறக்கப்பட்டிருக்கும் என்பது அது. இம்மறுப்பில் நியாயம் இருக்கிறது. சகோதரிகள் 1975இல் செய்த ஒலிப்பதிவுகள் 1982இல் வெளிவந்தபோது, தாளமும் சுருதியும் முன்னையவற்றிலும் சீரடைந்திருந்தன. முதல் தட்டின் அபிமானிகளில் பலர் அதை அந்த அளவுக்குக் கொண்டாடவில்லை. திருத்தம் சில வேளைகளில் தனித்தன்மையைக் கொன்றுவிடும் என்பது எழுத்துலகிலும் நாம் கண்டதுதான்.

ஆனால் அந்த இழப்பு யாருடையது? இரசிகர்களுக்கு ஓர் அபூர்வப் பொருள் கிடைக்காமற் போயிருக்கும். சகோதரிகளுக்கோ, தாம் கற்றுக்கொண்டு வளர்கிறோம் என்ற உணர்வு கிடைத்திருக்கும். பாடசாலையையும் நண்பர்களையும் இளமையின் மாலைப் பொழுதுகளையும் விலையாகக் கொடுத்தவர்கள் அவர்கள். ஐந்து வருடச் சனிக்கிழமைகள் மேடையில் நின்று சிரிப்பை வாங்கியவர்களும் அவர்களே. முன்னேறியதற்காக அவர்களைக் குறைவாக மதிக்கும் இரசனை, குழந்தை மழலை பேசுவதை விட்டுவிட்டது என்று வருந்தும் உறவினரின் இரசனையை ஒத்தது.

7

புகழ் வந்தபோது சகோதரிகள் அதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? பிற்கால நேர்காணல்களில் அவர்கள் பணிவோடும் சிறு குழப்பத்தோடுமே பேசினார்கள். பழைய தட்டைக் கேட்கக் கூச்சமாயிருக்கிறது என்றார்கள். இசைக்குழு தமது விருப்பமல்ல, தந்தையின் விருப்பமே என்பதையும் மறைக்கவில்லை. ஊரார் சிரித்ததை ஏற்றுக்கொண்டது போலவே உலகம் வியந்ததையும் தமக்கு விளங்காத ஒரு காலநிலை மாற்றம்போல ஏற்றுக்கொண்டார்கள். 1999இல் டொட்டும் பெற்றியும் நியூயோர்க் மேடையொன்றில் மீண்டும் பாடினர். ஹெலன் வரவில்லை. 2006இல் அவர் காலமானார்.

இந்த வரலாற்றில் தாமதமாக வந்த ஒரு நல்ல காரியத்தைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். 2013இல் டொட், இளைய இசைக்கலைஞர் சிலரோடு சேர்ந்து தன் பெயரில் புதிய தொகுப்பொன்றை வெளியிட்டார். 2016இல் முதல் தட்டு மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. 2017 ஜூன் மாதம் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் நோர்த் அடம்ஸ் நகரில் நடந்த இசை விழாவில் டொட்டும் பெற்றியும் மேடையேறினர். அவர்களுக்குப் பின்னால் நின்ற இளைய இசைக்கலைஞர்கள் அந்தப் பழைய பாடல்களைச் சுரம் சுரமாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தனர். கிற்றார் எங்கே நீள்கிறது, முரசு எங்கே பிரிந்து போகிறது என்பதை அளந்து அப்படியே வாசிக்கவேண்டியிருந்தது. பயிற்சி பெற்ற கைகளுக்கு அது இலகுவான வேலையாக இருந்திருக்க முடியாது.

ஒரு படைப்பைச் சுரம் சுரமாகக் கற்பவர் சிரிக்கவும் முடியாது, வெறுமனே வியக்கவும் முடியாது. இந்த இடம் இப்படித்தானா, அல்லது இது நீங்கள் விட்ட பிழையா என்று படைத்தவரிடமே கேட்டுத்தான் ஆகவேண்டும். 1969 மார்ச்சில் கண்ணாடிக்கு அப்பால் எவரும் கேட்காத கேள்வி ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின் அவர்களை நோக்கி வந்தது. அப்போது டொட் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

சொந்தப் பணத்தில் அச்சிட்ட முதல் நூலையோ முதல் இசைத்தட்டையோ ஒருவர் நம் கையில் தரும்போது, பெரும்பாலும் நாமும் அந்த நகர மண்டபத்து இளைஞர்களாகவோ அந்தப் பெருநகர விமர்சகர்களாகவோதான் ஆகிவிடுகிறோம். பின்னால் சென்று சிரிக்கிறோம், அல்லது மேடையில் ஏறி வானளாவப் புகழ்கிறோம். இரண்டுக்கும் படைப்பை முழுமையாகப் படிக்கவோ கேட்கவோ வேண்டியதில்லை. ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி, இங்கே நீங்கள் நினைத்தது கைகூடிற்றா என்று கேட்பதற்குத்தான் படைப்புக்குள் போயாகவேண்டும். அவ்வாறு கேட்க ஒருவர் முன்வந்தால், மீதியைத் தந்தவரே சொல்லத் தொடங்கிவிடுவார்.